பிளேடு எப்படிக் கெடுகிறது? சவரத்துக்குப் பிந்தைய பராமரிப்பு குறித்து ஓர் ஆய்வு

சேஃப்டி ரேசர் வைத்திருப்பவர்களிடம் ‘சவரம் முடிந்ததும் பிளேடை என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். குழாயில் காட்டி உதறி வைத்துவிடுவேன் என்பார் ஒருவர். கழற்றித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி வைப்பேன் என்பார் இன்னொருவர். ஸ்பிரிட்டில் முக்குபவர்கள் உண்டு. பழைய ஜீன்ஸ் துணியில் நாலு இழுப்பு இழுப்பவர்கள் உண்டு. பழைய பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உட்சுவரில் விரலால் அழுத்தித் தீட்டிய தலைமுறையும் ஒன்று இருந்தது. தங்கள் வழியால்தான் பிளேடு அதிக நாள் உழைக்கிறது என்று எல்லோருமே உறுதியாக நம்புகிறார்கள்.

இந்த வழிகளில் எது உண்மையாகப் பயன் தருகிறது, எது வெறும் பழக்கம், எது கேடு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சில ரூபாய் விலையுள்ள பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று கேட்கலாம். அந்தப் பிளேடு நம் முகத்தின் மேல் நடக்கிறது. மழுங்கினால் தோலைச் சிராய்க்கிறது. கவனமில்லாமல் குப்பையில் விழுந்தால் ஒரு தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கிறது. விலையை வைத்து அதை எடைபோட முடியாது.

கட்டுரையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிளேடு இரண்டு வழிகளில் கெடுகிறது. வேலை செய்யும்போது முடியோடு மோதிச் சேதப்படுகிறது. சும்மா இருக்கும்போது தண்ணீரால் அரிக்கப்படுகிறது. சவரத்துக்குப் பிறகு நாம் செய்யும் எதுவும் முதல் சேதத்தைச் சரிசெய்வதில்லை. இரண்டாவது சேதத்தைத் தடுக்கலாம். அதற்கு அரை நிமிட வேலை போதும். மற்ற வழிமுறைகள் அனைத்தையும் இந்த ஒரே அளவுகோலால் அளந்துவிட முடியும்.

தூக்கி எறிவதற்காகவே பிறந்த பொருள்

கையை வெட்டிக்கொள்ளாமல் சவரம் செய்யும் முயற்சி பழையது. பிரெஞ்சுக் கத்தி வினைஞர் ழான்-ழாக் பெரே 18ஆம் நூற்றாண்டிலேயே சவரக் கத்திக்கு ஒரு மரக் காப்பு யோசித்தார். 1880இல் நியூயார்க்கின் காம்ஃப் சகோதரர்கள் காப்புள்ள ரேசருக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனாலும் அதில் பொருத்திய தகடு, பழைய சவரக் கத்தியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு போலத் தடிமனாக இருந்தது. தோல்வாரில் அடிக்கடி தீட்டியே ஆக வேண்டும்.

இந்த வேலையை ஒழித்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். அவர் விற்பனைப் பிரதிநிதி. பாட்டில் மூடி செய்து புகழ்பெற்ற வில்லியம் பெயின்டரின் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வாடிக்கையாளர் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி வாங்க வரும் பொருள் ஒன்றைக் கண்டுபிடி என்று பெயின்டர் அவருக்கு யோசனை சொன்னதாகச் சொல்வார்கள். 1895இல் மழுங்கிய கத்தியோடு நின்ற ஒரு காலையில் மெல்லிய தகட்டுப் பிளேடு என்ற எண்ணம் ஜில்லெட்டுக்கு உதித்தது. அவ்வளவு மெல்லிய எஃகை நெளியாமல் கடினப்படுத்த முடியாது என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர் வில்லியம் நிக்கர்சன் அதைச் செய்துகாட்டினார். 1903இல் விற்பனை தொடங்கியபோது அந்த ஆண்டு முழுவதும் போனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படையினருக்காகச் சுமார் 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. ஊர் திரும்பிய படையினரோடு அந்தப் பழக்கமும் வீடுகளுக்குள் நுழைந்தது.

‘தீட்ட வேண்டாம், சாணை பிடிக்க வேண்டாம்’ என்பதே ஜில்லெட் விளம்பரங்களின் மையச் செய்தி. மக்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. தீட்டித் தீட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஹென்றி கெய்ஸ்மன் உருவாக்கிய ஆட்டோஸ்ட்ராப் ரேசரில், பிளேடைக் கழற்றாமலே தலைப்பகுதியினூடே தோல்வாரைச் செலுத்தித் தீட்டிக்கொள்ளலாம். அந்த நிறுவனம் 1930இல் ஜில்லெட்டோடு இணைந்தது. இங்கிலாந்தின் ரோல்ஸ் ரேசர், பெட்டியின் ஒரு மூடியில் சாணைக்கல்லும் மறு மூடியில் தோலுமாக வந்தது. இரண்டாம் உலகப் போரில் எஃகு ஆயுதங்களுக்குத் தேவைப்பட்டதால் பிளேடுக்குப் பஞ்சம் வந்தது. தீட்டும் கருவிகளும் கண்ணாடி டம்ளரும் அப்போது பல நாடுகளில் கைகொடுத்தன.

அக்காலப் பிளேடு கார்பன் எஃகால் ஆனது. ஈரம் பட்டால் ஒரே இரவில் துரு ஏறும். கடைக்கு வரும்போதே மெழுகுத் தாளில் சுற்றித்தான் வரும். அதைத் துடைக்காமல் வைத்தவர்களுக்கு மறுநாள் பழுப்புக் கறைதான் மிச்சம். துடைப்பது, எண்ணெய் போடுவது, தீட்டுவது ஆகிய மூன்றும் அந்தப் பிளேடுக்குப் பொருந்திய பழக்கங்கள்.

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் சோர்டு நிறுவனம் மேற்பூச்சு கொடுத்த ஸ்டெயின்லெஸ் எஃகுப் பிளேடைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரே பிளேடில் முன்பைவிடப் பல மடங்கு சவரம் செய்ய முடிந்தது. 1963இல் ஜில்லெட்டும் ஸ்டெயின்லெஸ் பிளேடை வெளியிட்டது. இன்று நம் மளிகைக் கடைகளில் தொங்கும் பிளேடுகள் பெரும்பாலும் இந்த வழிவந்தவை. பொருள் மாறிவிட்டது, பழைய பொருளுக்கு ஏற்பட்ட பழக்கங்கள் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டன. பராமரிப்பு குறித்த குழப்பத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு முடியின் தடிமன்

பிளேடின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு தாடி முடியின் தடிமன். அதன் இரு ஓரங்களும் படிப்படியாகச் சரிந்து, நுனியில் சில பத்து நானோமீட்டர் ஆரமுள்ள விளிம்பாக முடிகின்றன. முடியின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒரு துருப்புள்ளி வந்துவிட்டதென்றால் அந்த நுனி எப்போதோ போய்விட்டது என்று பொருள்.

எஃகில் சுமார் 13 சதவீதம் குரோமியமும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான கார்பனும் இருக்கும். வீட்டில் உள்ள 18/8 வகை எவர்சில்வர் பாத்திரத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. அது துருவுக்கு எளிதில் மசியாது. ஆனால் அதைச் சூடுபடுத்திக் குளிர்வித்துப் பிளேடளவு கடினப்படுத்த முடியாது. பிளேடின் எஃகு கடினத்துக்காகத் துரு எதிர்ப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. காந்தத்தைக் காட்டினால் பிளேடு ஒட்டிக்கொள்ளும், நல்ல 18/8 பாத்திரம் ஒட்டாது. இரண்டும் ஒரே உலோகம் இல்லை என்பதற்கு வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை இது. எனவே ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருப்பதை நம்பித் தண்ணீரில் போட்டுவைப்பது தவறு.

இந்த எஃகின் மேல் குரோமியம், பிளாட்டினம் போன்றவற்றின் மெல்லிய கடினப் பூச்சு இருக்கும். அதற்கும் மேல், ஒட்டாத தவாக்களில் பூசப்படும் டெஃப்லான் வகைப் பூச்சு இருக்கும். பிளேடு முடிக்குள் இழுபடாமல் வழுக்கிச் செல்வதற்குக் காரணம் இந்தப் பூச்சுதான். புதிய பிளேடின் முதல் ஒன்றிரண்டு சவரங்களில் நாம் உணரும் மென்மையில் பூச்சுக்கும் பெரிய பங்கு உண்டு. துணியிலோ தோலிலோ கண்ணாடியிலோ பிளேடைத் தேய்க்கும்போது முதலில் உரசலைத் தாங்குவது இதுவே. தீட்டுவதைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

மென்மையான முடி எஃகை உடைப்பது எப்படி?

முடியைவிட எஃகு சுமார் ஐம்பது மடங்கு கடினமானது. வெண்ணெயை வெட்டிய கத்தி முனை உடைந்தது என்று யாராவது சொன்னால் நம்புவோமா? ஆனால் பிளேடுக்கு அதுதான் நடக்கிறது. இதை விளக்கியவர்களும் நிக்கர்சன் படித்த அதே எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள். கியான்லூகா ரோசியோலி, எஸ்.எம். தாஹேரி-மூசவி, ஜெம் தாசான் ஆகிய மூவரின் ஆய்வு 2020 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. ரோசியோலி தன் முகத்தையே சவரம் செய்து, ஒவ்வொரு முறையும் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கூர் சீராகத் தேய்ந்து உருண்டுபோயிருக்கும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. அங்கே தெரிந்தவை விளிம்பில் ஆங்காங்கே பெயர்ந்துபோன சிறு சில்லுகள்.

அடுத்த கட்டமாக நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டும் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள். பிளேடு முடியைச் செங்குத்தாகச் சந்தித்தபோது பெரிய சேதம் இல்லை. முடி வளைந்துகொடுத்து, பிளேடு அதைச் சாய்கோணத்தில் சந்தித்தபோது, முடியின் பக்கவாட்டு ஓரம் விளிம்பைத் தொடும் இடத்தில் சில்லு பெயர்ந்தது. காரணம் எஃகின் உள்ளமைப்பில் இருந்தது. எஃகு நுண்ணிய அளவில் ஒரே சீரான பொருள் இல்லை. கடினமான பகுதியும் சற்றே மென்மையான பகுதியும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. முடியின் ஓரம் சரியாக அந்த எல்லையில் அழுத்தும்போது விசை ஒரே புள்ளியில் குவிந்து எஃகு பிளக்கிறது. ஒரு சில்லு பெயர்ந்த இடத்தில் அடுத்தது எளிதாகப் பெயரும்.

நம் கேள்விக்கு இந்த ஆய்வு தரும் பாடம் தெளிவானது. பெயர்ந்துபோன உலோகத்தை எண்ணெயோ ஸ்பிரிட்டோ ஜீன்ஸ் துணியோ திரும்பக் கொண்டுவராது. சவரத்துக்குப் பிந்தைய பராமரிப்பால் பிளேடு ‘மறுபடி கூராகும்’ என்று சொல்வது அடிப்படையிலேயே நிற்காத பேச்சு.

மூடிக்கும் தட்டுக்கும் இடையில்

அப்படியானால் பராமரிப்புக்கு வேலையே இல்லையா? உண்டு. அதைப் பார்க்க ஒரு சின்னக் காரியம் செய்யலாம். மூன்று பாகமாகப் பிரியும் சாதாரண ரேசரில் பிளேடைப் போட்டு, குழாயில் நன்றாகக் கழுவி, நாலு முறை பலமாக உதறுங்கள். வெளியே ஈரம் இருக்காது. இப்போது டிஷ்யூ தாளின் ஓரத்தை மூடிக்கும் பிளேடுக்கும் நடுவே உள்ள இடுக்கில் தொட்டுப் பாருங்கள். தாள் நனைந்துகொண்டே போகும். கைப்பிடியைத் தளர்த்தினால், மூடியின் அடியிலிருந்து இன்னும் இரண்டு துளி வழியும். உதறிய ரேசர் உலர்ந்த ரேசர் இல்லை. பிளேடு இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே, ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலத்தில் அடுத்த சவரம் வரை படுத்துக் கிடக்கிறது.

ஸ்டெயின்லெஸ் எஃகைக் காப்பது அதன் மேல் தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் கனம். கீறல் விழுந்தாலும், காற்றில் உள்ள ஆக்சிஜன் கிடைத்தால் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். இடுக்கில் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. படலம் புதுப்பிக்க வழியில்லை. அந்தத் தண்ணீரில் உப்பும் இருந்தால் அதிலுள்ள குளோரைடு படலத்தைத் துளைக்கிறது. துளைத்த இடத்தில் உலோகம் கரைகிறது. அந்தக் கரைசல் அமிலமாகி அரிப்பை மேலும் வேகப்படுத்துகிறது. உலோகவியலார் இதை இடுக்கு அரிப்பு என்பார்கள். பாலத்தின் திருகாணி முதல் கப்பலின் இணைப்பு வரை எங்கும் நடக்கும் இந்த வேலை பிளேடின் விளிம்பிலும் நடக்கிறது. விளிம்பில் காய்ந்து படிந்த சோப்புக்கும் அறுபட்ட முடித்துகளுக்கும் அடியிலும் இதுவேதான். ஆக, ஓர் இரவு முழுதும் உட்கார்ந்திருக்கும் தண்ணீரை அகற்றிவிட்டால் சும்மா இருக்கும் பிளேடைக் கெடுக்க வேறெதுவும் பெரிதாக இல்லை.

வழிமுறைகள் ஒவ்வொன்றாக

கழுவுதல்: இதுவே அடிப்படை. சவரத்தின் நடுவிலும் ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகு கழுவுவது நல்லது. நுரையும் முடியும் அடைத்துக்கொண்ட ரேசரை அழுத்தித்தான் இழுக்க வேண்டிவரும். முடிந்ததும் கைப்பிடியை அரைச் சுற்று தளர்த்தி, ஓடும் தண்ணீரில் இரு பக்கமும் காட்டினால் மூடிக்குள் சிக்கியதும் வெளியேறும். கடைசிக் கழுவலுக்கு வெந்நீர் இருந்தால் இன்னும் நல்லது. சூடேறிய உலோகத்திலிருந்து ஈரம் வேகமாக ஆவியாகும். ரேசரைத் தொட்டியின் ஓரத்தில் தட்டித் தட்டிச் சுத்தம் செய்யும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். விளிம்புக்கும் அது ஆகாது, ரேசரின் பூச்சுக்கும் ஆகாது.

உலர்த்துதல்: கழுவியபின் உதறி, தளர்த்திய நிலையிலேயே காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தியோ தொங்கவிட்டோ வைத்தால் பெரும்பாலானோருக்கு இதுவே போதும். குளியலறைக்கு வெளியே வைப்பது பாதி வேலையை முடித்துவிடும். அவசரமாக உலர வேண்டுமென்றால் மடித்த துணியின் மேல் ரேசரை ஒற்றி எடுக்கலாம். ஒற்றுவது வேறு, துடைப்பது வேறு. பிளேடின் விளிம்பில் துணியை இழுத்துத் துடைத்தால் நூல் சிக்கும், பூச்சு உரசும், விரலும் வெட்டுப்படும். மறுபடி பயன்படுத்துவதற்குமுன் இறுக்க மறக்கக் கூடாது. தளர்ந்த மூடியோடு சவரம் செய்வது ஆபத்து.

தினமும் கழற்றுவது: பிளேடை எடுத்துத் தனியே காய வைப்பவர்கள் உண்டு. உலர்த்துவதற்கு இது முழுமையான வழிதான். ஆனால் ஒவ்வொரு முறை கையாளும்போதும் விரல் வெட்டுப்படவும் விளிம்பு எங்காவது இடிபடவும் வாய்ப்பு கூடுகிறது. கழற்றியே ஆக வேண்டுமென்றால் கூரில்லாத இரு குறுகிய முனைகளைப் பிடித்துக் கழற்ற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை சோப்புப் படிவைச் சுத்தம் செய்யக் கழற்றினால் போதுமானது.

ஸ்பிரிட்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை முக்கி எடுத்தால் அது தண்ணீரோடு கலந்து இடுக்கிலிருந்து அதை வெளியே இழுத்து, தானும் விரைவில் ஆவியாகிவிடும். இடுக்கில் தேங்கும் தண்ணீரே பிரச்சினை என்பதால் இந்த வழிக்கு வலுவான நியாயம் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் சவரம் செய்பவர்களுக்கும், கடலோரத்திலோ உப்புத் தண்ணீர் உள்ள ஊரிலோ இருப்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கலாம். சோப்பைக் கழுவிய பிறகே முக்க வேண்டும். எரியும் அடுப்புக்கோ விளக்குக்கோ அருகில் வைக்கக் கூடாது. கிருமியைக் கொல்கிறேன் என்று பிளீச்சிங் கரைசலில் போடுவது பெருந்தவறு. அதிலுள்ள குளோரின் சேர்மம் ஸ்டெயின்லெஸ் எஃகையே அரிக்கும்.

எண்ணெய்: கார்பன் எஃகுப் பிளேடுக்கு எண்ணெய் கட்டாயம். ஸ்டெயின்லெஸ் பிளேடை அன்றாடம் பயன்படுத்துபவருக்கு எண்ணெய் தரும் கூடுதல் பயன் குறைவு. நீண்ட நாள் எடுத்துவைப்பவர்களுக்கு அது நல்ல காப்பு. மினரல் ஆயில், அதாவது வாசனை சேர்க்காத குழந்தை எண்ணெய் வகை, கெட்டுப்போவதில்லை என்பதால் முதல் தேர்வு. சமையல் எண்ணெய்கள் பல காற்றில் பிசுபிசுப்பாகிப் படியும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதால் அது சீக்கிரம் சிக்கெடுக்காது. 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது மட்டும் குளிர்ப் பகுதிகளில் தொந்தரவு. எந்த எண்ணெயானாலும் பிளேடு முழுதும் காய்ந்த பிறகே தடவ வேண்டும். ஈரத்தின் மேல் தடவினால் தண்ணீரை உள்ளே வைத்து மூடியதாக ஆகிவிடும்.

தீட்டுதல்: சவரக் கத்தி தடித்த எஃகு. பயன்பாட்டில் அதன் மெல்லிய விளிம்பு ஒரு பக்கம் மடங்கும். தோல்வார் அதை நிமிர்த்தும். அந்த அறிவைப் பிளேடுக்குக் கொண்டுவரும்போதுதான் இடறல். பிளேடின் முதன்மைச் சேதம் சில்லு பெயர்வது என்று பார்த்தோம். பெயர்ந்த இடத்தை நிமிர்த்த முடியாது. விளிம்பில் ஒட்டிய சோப்பும் உப்புப் படிவும் ஜீன்ஸ் துணியில் போகலாம். ‘தீட்டியதும் பளிச்சென்று இருந்தது’ என்பவர்களின் அனுபவத்துக்கு அதுவே காரணமாகலாம். அதை வெந்நீரே செய்துவிடும், பூச்சுக்குச் சேதமில்லாமல். கண்ணாடி டம்ளர் முறை பூச்சில்லாத கார்பன் பிளேடின் காலத்தோடு முடிந்துவிட்டது. இன்றைய பிளேடில் அது பூச்சைச் சுரண்டும்.

பிரமிடு: இதையும் சொல்லாமல் விட முடியாது. செக்கோஸ்லோவாக்கியாவின் ரேடியோ பொறியாளர் கரேல் டிர்பல், கீசா பிரமிடின் விகிதத்தில் அட்டையால் செய்த சிறு கூடுக்குள் பிளேடை வைத்தால் கூர் நிலைக்கும் என்று 1949இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் 91304 என்ற எண்ணில் அது கிடைத்தது. காப்புரிமை கிடைத்ததையே அறிவியல் சான்றாகப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். காப்புரிமை ஒரு கருத்தின் உரிமை யாருடையது என்று பதிவு செய்கிறது. அதன் விளக்கம் உண்மை என்று சான்றளிப்பது அதன் வேலை இல்லை. டிர்பலின் சொந்த விளக்கத்திலேயே விளிம்பிலிருந்து ஈரம் வெளியேறுவதுதான் மையம். ஈரம் வெளியேற அலமாரித் தட்டும் கொஞ்சம் காற்றும் போதும்.

நம் ஊர்த் தண்ணீர்

மேலை நாட்டு அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடம் ஒன்று உண்டு. அது தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்ற வரம்பை விரும்பத்தக்கதாக வைக்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதிக்கிறது. கடினத்தன்மைக்கு இந்த அளவுகள் 200, 600. கடலோர ஊர்களிலும், ஆழமாகத் துளைத்த போர்வெல்லை நம்பியிருக்கும் பல பகுதிகளிலும் குளியலறைக்கு வருவது நாக்கில் வைத்தாலே கரிக்கும் தண்ணீர். அங்கே ஸ்டெயின்லெஸ் பிளேடும் நாலைந்து நாளில் ஓரத்தில் பழுப்புப் புள்ளி காட்டும்.

உப்புத் தண்ணீர் குளோரைடால் அரிக்கிறது. கடினத் தண்ணீர் வேறு விதமாகத் தொல்லை தருகிறது. சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாக விளிம்பில் ஒட்டி, தன் அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. இத்தகைய ஊர்களில் செய்யக்கூடியது எளிது. கடைசிக் கழுவலை மட்டும் குடிக்கிற தண்ணீரில், ஒரு டம்ளர் எடுத்துக் கழுவிவிடலாம், பிறகு ஸ்பிரிட். ரேசரில் சுண்ணாம்புப் படிவு ஏறியிருந்தால் பிளேடைக் கழற்றிவிட்டு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, நன்றாகக் கழுவித் துடைக்கலாம். இரவெல்லாம் ஊறவிடக் கூடாது. பல ரேசர்கள் துத்தநாகக் கலப்பு உலோகத்தின் மேல் குரோமியம் பூசியவை. பூச்சில் கீறல் இருந்தால் அமிலம் உள்ளே புகுந்துவிடும்.

பராமரிப்பு சவரத்துக்கு முன்பே தொடங்குகிறது

பிளேடின் பெரிய சேதம் வெட்டும்போதுதான் என்றால், ஆயுளை நீட்டும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம். முடி தண்ணீரை உறிஞ்சும். முழுதும் நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை தண்ணீரை ஏற்கும். நனைந்த முடியை வெட்டத் தேவைப்படும் விசை காய்ந்த முடிக்குத் தேவைப்படுவதைவிடக் கணிசமாகக் குறைவு. முடி அப்படி நனைய இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். முகத்தில் தண்ணீரைத் தெளித்த உடனே நுரை பூசி இழுப்பவருக்குத் தெரியாமலே பிளேடு பாதி காய்ந்த முடியோடு மல்லுக்கட்டுகிறது. குளித்தபின் சவரம் செய்வது, சோப்பால் முகத்தின் எண்ணெய்ப் பசையைக் கழுவுவது, நுரையைப் பிரஷ்ஷால் நன்றாக வேலை வாங்கி முடியின் வேர் வரை ஏற்றுவது என்று முன்கூட்டிச் செய்யும் இந்தச் சின்ன வேலைகள், பின்னால் போடும் எண்ணெயைவிடப் பல மடங்கு பயன் தருபவை. பல நாள் வளர்ந்த தாடியை முதலில் டிரிம்மராலோ கத்தரியாலோ குறைத்துக்கொள்வதும் பிளேடுக்குச் செய்யும் உதவியே. அழுத்தாமல், ரேசரின் எடையே வேலை செய்யும்படி விட வேண்டும்.

ஒருவர் பிளேடு ஒருவருக்கே

பராமரிப்பு பற்றிய பேச்சில் கிருமி பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது. சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் எப்போதும் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தொற்றும் திறனோடு இருக்கக்கூடியது. ஹெபடைடிஸ் சி தொற்றுக்கும் ரேசரைப் பகிர்வது ஒரு வழி. கணவன் மனைவியானாலும், தகப்பன் மகனானாலும், விடுதி அறைத் தோழர்களானாலும் ஒரே பிளேடு கூடாது. கிருமிநாசினியில் முக்கியெடுத்தால் பகிரலாம் என்பது சமாதானமே தவிரப் பாதுகாப்பு இல்லை.

இந்த உணர்வு நம் சலூன்களையே மாற்றியது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் முயற்சியால் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. பின்வந்த ஆண்டுகளின் விழிப்புணர்வுப் பிரசாரங்களில் ‘புது பிளேடு போடச் சொல்லுங்கள்’ என்பதும் ஒன்று. ஆளுக்கு ஆள் தோல்வாரில் தீட்டிப் பயன்படுத்திய சவரக் கத்தி ஒதுங்கியது. பிளேடை உறையோடு நடுவில் மடித்து ‘டக்’கென்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை மடக்குக் கத்திப் பிடியில் செருகி, வேலை முடிந்ததும் எடுத்துப் போடும் முறை வந்தது. பிளேடின் ஆயுள் ஒரு சவரத்தோடு முடிந்துவிடும் அந்த இடத்தில், முடிப்பதே முறையான பராமரிப்பு. நம் கண் முன்னால் புதுப் பிளேடை உடைக்கச் சொல்வதில் கூச்சத்துக்கு இடமில்லை.

எப்போது நிறுத்துவது, எங்கே போடுவது

நல்ல பராமரிப்பில் உள்ள அபாயம், பிளேடை வேண்டிய அளவுக்கு மேல் வைத்திருக்கும் ஆசை. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி ஐந்து முதல் ஏழு சவரத்துக்குள் பிளேடை மாற்றச் சொல்கிறது. ரேசரை முழுதாக உலரும் இடத்தில் வைக்கச் சொல்வதும் அதே அமைப்புதான். அடர்த்தியான முரட்டுத் தாடிக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டி வரலாம். எண்ணிக்கையைவிட உறுதியான குறி தோல் தருவது: முடி இழுபடுவது, ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருப்பது, கழுவியபின் எரிச்சல். இதில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பிளேடின் வேலை முடிந்தது.

முடிந்த பிளேடு பென்சில் சீவவும் தையல் பிரிக்கவும் நகம் வெட்டவும் போவது நம் வீடுகளில் வெகுகாலப் பழக்கம். ரத்தம் பட்டிருக்கக்கூடிய பிளேடைக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது; அந்த வேலைகளுக்குப் புதியதே எடுக்கலாம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் குளியலறை மருந்து அலமாரிகளின் பின்புறம் ஒரு சிறு துளை வைத்து, பழைய பிளேடைச் சுவருக்குள் போட்டுவிடும்படி வீடு கட்டினார்கள். இடிக்கும்போது அவை கட்டடத் தொழிலாளியின் காலடியில் கொட்டின. நாம் தாளில் மடித்துக் குப்பையில் போடும்போது செய்வதும் அதையே: ஆபத்தை இன்னொருவரின் கைக்குத் தள்ளிவிடுகிறோம். இங்கே குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் மிகப் பலர். வீட்டில் பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் அபாயக் கழிவாகத் தனியே பிரிக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். பிளேடுக்கும் அதே கவனம் வேண்டும். மூடி இறுகிய தகர டப்பா ஒன்றின் மூடியில் கீறல் வைத்துவிட்டால் ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டுகளுக்கு வரும். நிறைந்ததும் கீறலை ஒட்டி மூடி, ‘பழைய பிளேடு’ என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளரின் கையில் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிளேடும் தகரமும் இரும்பு வகையே என்பதால் பழைய இரும்புக்குப் போனால் உருக்கி மீண்டும் பயன்படுத்தவும் முடியும்.

முடிவாக

இதுவரை பார்த்தவற்றை வரிசைப்படுத்தினால் முதலில் நிற்பது சவரத்துக்கு முன் முடியை நன்றாக நனைப்பது. அடுத்தது, முடிந்ததும் தளர்த்திக் கழுவி, உதறி, காற்றில் உலர வைப்பது. உப்புத் தண்ணீர் உள்ள ஊருக்கும் அபூர்வமாகச் சவரம் செய்பவருக்கும் நல்ல தண்ணீரில் கடைசிக் கழுவலும் ஸ்பிரிட்டும். நீண்ட நாள் எடுத்துவைப்பதற்கும் கார்பன் பிளேடுக்கும் எண்ணெய். தீட்டுவதும் துடைப்பதும் பிரமிடும் பட்டியலில் இல்லை.

கூரைப் புதிதாக உண்டாக்கும் வேலை தொழிற்சாலையோடு முடிந்துவிடுகிறது. நம் கைக்கு வந்த கூரை வீணாகக் கெடவிடாமல், அதன் காலம் முடிந்ததும் யாரையும் காயப்படுத்தாமல் வெளியே அனுப்புவதுதான் பயன்படுத்துபவரின் பொறுப்பு. இதற்குத் தனிக் கருவியும் வேண்டாம், செலவும் வேண்டாம். குழாயடியில் அரை நிமிடமும் மூடியுள்ள ஒரு டப்பாவும் போதும்.